வெள்ளைத் துண்டுக்குக் கரை எதற்கு? விழாக் குழுவுக்கு ஓர் அச்சகக்காரனின் திறந்த மடல்

விழாக் குழுத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

நீங்கள் கொடுத்த முன்பணம் 2,000 ரூபாயைப் போன வியாழக்கிழமை கடைப் பையன் மூலம் திருப்பி அனுப்பினேன். காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய சா. கணேசன் நினைவுச் சொற்பொழிவுக்கு 19 வருஷமாக அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தவன், இந்த வருஷம் அடிக்கவில்லை. ஏன் என்று செயலாளர் போனில் கேட்டார். கையில் வேலை அதிகம் என்றேன். அது பொய். ஆடி மாதத்தில் எந்த அச்சகத்தில் வேலை அதிகம்? கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, மிஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். உண்மையான காரணத்தைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். ஊரில் நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது காரைக்குடிக் கம்பன் கழகத்துக்கு எழுதுவது அல்ல. அவர்கள் வழி வேறு. காரைக்குடியை ஒட்டிய நம் சின்ன ஊரில், ஊரணிக் கரை மண்டபத்தில், நூறு நாற்காலி போட்டு நாம் நடத்துகிற கூட்டத்தைப் பற்றிய பேச்சு இது.

அழைப்பிதழுக்கான மேட்டர் ஜூன் கடைசியில் வந்தது. பேசுகிறவர்கள், தலைமை, வாழ்த்துரை எல்லாம் சேர்த்து எட்டுப் பேர். புரூஃப் போட்டுக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து அதே புரூஃப் திரும்பி வந்தது. நான்கு பெயர்களைச் சிவப்பு மையில் அடித்திருந்தீர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆசிரியர் சங்கத்தில் செங்கொடி பிடித்தவர். இன்னொருவர் போன முறை எதிரணியில் கவுன்சிலராக இருந்தவர். மூன்றாமவர் வக்கீல், அவர் கட்சி வேறு. நான்காமவர் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய். அவருக்கு எந்தக் கட்சியும் இல்லை, கம்பனைச் சொல்லச் சொன்னால் ராத்திரி முழுக்கச் சொல்வார். அவரை ஏன் அடித்தீர்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அடித்த நான்கு பெயருக்குப் பதிலாக ஆறு பெயர் சேர்ந்திருந்தது. நகரம், ஒன்றியம், இளைஞரணி, தொழிற்சங்கம் என்று ஆறும் ஒரே கொடிக்குக் கீழே இருப்பவை.

எந்தக் கொடி என்று எழுதப்போவதில்லை. நாளைக்கு வேறு கொடிக்காரர்கள் குழுவுக்கு வந்து இதையே செய்தால், தேதியை மட்டும் மாற்றி இதே மடலை அவர்களுக்கும் அனுப்புவேன்.

பெயர் அடித்ததோடு நின்றிருந்தால்கூட, நேரில் வந்து இரண்டு வார்த்தை சண்டை போட்டுவிட்டு அடித்துக் கொடுத்திருப்பேனோ என்னமோ. பத்துக்கு எட்டு அடியில் ஒரு பிளக்ஸும் கேட்டிருந்தீர்கள். அதில் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, பக்கவாட்டில் கைகூப்பியபடி மூன்று பேர். எல்லாவற்றுக்கும் நடுவில், தபால் தலை அளவுக்கு விழா நாயகர். டிசைன் போடும் பையனுக்கு 22 வயது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "யாருண்ணே இந்தச் சட்டை போடாத தாத்தா?" என்று கேட்டான். சொன்னேன். அப்புறம் உங்கள் ஆள் ஒருவர் பின்னால் நின்றுகொண்டு, "தாத்தா துண்டு ரொம்ப வெள்ளையா இருக்கு, கரையில நம்ம கலரைக் கொஞ்சம் போட்டு விடுப்பா" என்றார். பையன் கோரல் டிராவில் கோடு இழுக்கவும் ஆரம்பித்துவிட்டான். நான் போய் மவுஸைப் பிடுங்கினேன்.

அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. எத்தனையோ கட்சிக்கு எத்தனையோ கலரில் அடித்திருக்கிறேன், இந்த ஒரு கரைக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், "அவர் எந்தக் கட்சி எம்.எல்.ஏ.?" என்று கேட்டாராம். கேட்டது தப்பில்லை. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சா. கணேசன், நாம் சொல்கிற சா.க., 1908ல் காரைக்குடியில் பிறந்தவர். காங்கிரஸ்காரராகச் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கியவர், ராஜாஜியின் ஆள். ராஜாஜி 1959ல் காங்கிரசை எதிர்த்துச் சுதந்திராக் கட்சி தொடங்கியபோது அவரோடு போனார். 1962ல் காரைக்குடித் தொகுதியில் அந்தக் கட்சி சார்பாக நின்று ஜெயித்தார். 206 பேர் கொண்ட பேரவையில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 6 இடம். அந்த ஆறு பேரில் நம் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர். பிறகு மேலவையிலும் இருந்தார். 1982 ஜூலை 28ல் காலமானார். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1939ல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியவர் அவர். பெயருக்கு முன்னால் 'கம்பன் அடிப்பொடி' என்று போட்டுக்கொண்டவர், கல்வெட்டு படித்தவர். நான் அவரைப் பார்த்ததில்லை. படங்களில் இருப்பது கதர் வேட்டியும் மேலே ஒரு துண்டும்தான்.

செயலாளர் என்னிடம் ஒரு வாதம் வைத்தார். நல்ல வாதம்தான், அதனால் பதில் சொல்ல வேண்டும். "அவரும் கட்சிக்காரர்தானே? கட்சி இல்லாத ஆளா? அப்புறம் நாங்கள் கட்சியைக் கொண்டுவந்தால் மட்டும் என்ன?" என்றார்.

ஆமாம், கட்சிக்காரர்தான். லேசுப்பட்ட கட்சிக்காரரும் இல்லை. தான் வளர்ந்த காங்கிரசையே எதிர்த்துத் தேர்தலில் நின்றவர். ஊரில் எல்லோருக்கும் நல்லவராக இருக்க வேண்டும் என்று நினைப்பவர் அப்படிச் செய்ய மாட்டார். நடுநிலை என்று சொல்லிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆள் எல்லாக் கட்சிக்காரனுக்கும் வணக்கம் போடுவதில் என்ன பெருமை இருக்கிறது? அவனுக்கு இழக்க எதுவும் இல்லை. கொள்கையில் ஒரு பக்கம் உறுதியாக நின்றவர், எதிர்ப்பக்கத்து ஆளைத் தன் மேடையில் ஏற்றி, நல்ல நாற்காலி போட்டு, முழுசாகப் பேசவும் விட்டார். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

யாரெல்லாம் அந்தக் கம்பன் விழா மேடைகளில் பேசினார்கள் என்று பாருங்கள். 1939ல் நடந்த முதல் விழாவுக்குத் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. தலைமை. பிற்பாடு ஜீவா வந்து பேசினார். ப. ஜீவானந்தம், கம்யூனிஸ்ட். ராஜாஜியின் ஆள் கூட்டிய விழாவில் கம்யூனிஸ்ட் கம்பனைப் பேசுகிறார். அந்தக் காலத்தில் ராஜாஜிக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் எவ்வளவு ஆகாது என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். நீதிபதி மு.மு. இஸ்மாயில் வந்து பேசினார். நம் மளிகைக் கடை பாயின் பெயரைச் சிவப்பு மையில் அடித்தபோது, இஸ்மாயில் பெயர் யாருக்காவது ஞாபகம் வந்ததா?

ஜீவா நமக்கு வெளியூர்க்காரரும் இல்லை. இன்றைக்குச் சிராவயல் என்றால் எல்லோருக்கும் மஞ்சுவிரட்டுதான் ஞாபகம் வரும். 1920களில் அங்கே ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்தவர் ஜீவா. 1927ல் செட்டிநாட்டுக்கு வந்த காந்தி, அந்த ஆசிரமத்தையும் தேடிப் போய்ப் பார்த்தார். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது ஜீவாவின் குடிசைக்குப் போன கதையை உங்கள் பேச்சாளர்கள் வருஷா வருஷம் சொல்கிறார்கள். சொல்லும்போது குரல்கூடக் கம்முகிறது. சொல்லி முடித்துக் கீழே இறங்கினால், எதிர்க்கட்சிக்காரர் கொடுத்த டீயைக் குடிக்கலாமா வேண்டாமா என்று சுற்றும் முற்றும் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. இது எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1940களில் கம்பனை மேடை மேடையாக எதிர்த்தவர் அண்ணா. கம்பனுக்கு அடிப்பொடி என்று பெயர் வைத்துக்கொண்டவர் சா.க. 1967ல் அண்ணாவின் தி.மு.க.வும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் ஒரே கூட்டணி. அண்ணா முதலமைச்சர் ஆனார், 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் வைத்த சிலைகளில் கம்பனுக்கும் ஒன்று இருந்தது. சரி, கூட்டணி என்றால் அப்படித்தான் என்று சொல்லலாம். ஆனால் 1971ல் அந்தக் கூட்டணி உடைந்தது. தேர்தலில் சுதந்திராக் கட்சி எதிரணி. அதே வருஷம் மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாம் என்று கேட்க, ராஜாஜி கொட்டுகிற மழையில் கருணாநிதி வீட்டுக்கே போனார். கேட்டது நடக்கவில்லை. இவ்வளவும் நடந்து நான்கு வருஷம் கழித்து, காரைக்குடியில் தமிழுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று சா.க. கண்ட கனவுக்கு, 1975ல் அடிக்கல் நாட்டியவர் யார்? அதே கருணாநிதி, முதலமைச்சராக.

இதில் யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள்? பகுத்தறிவு பேசுகிற கட்சித் தலைவர், கோயில் என்ற பெயர் கொண்ட கட்டடத்துக்குக் கல் எடுத்து வைக்கிறார். ராஜாஜியின் ஆள், ராஜாஜியை வெறுங்கையோடு அனுப்பியவரை அழைத்துக் கல் வைக்கச் சொல்கிறார். இரண்டு பேரும் தங்கள் கட்சிக்குள் நாலு கேள்வியாவது கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். கேட்டாலும் கல் நின்றது. 1993ல் கோயில் திறந்தார்கள். சா.க. அதைப் பார்க்க இல்லை. தமிழ்த்தாய் கோயிலுக்கு வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிப் போய்க் காட்டுகிறோம், செல்பி எடுக்கிறோம். அந்தக் கோயிலுக்குக் கல் விழுந்த கதையை யாருக்கும் சொல்வதில்லை.

1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, ஆயுள் முழுக்க அவரை எதிர்த்த பெரியார் சக்கர நாற்காலியில் வந்து அழுதார். அப்படிப்பட்ட ஆட்கள் இருந்த நாட்டில்தான் நாம் நான்கு பெயர்களைச் சிவப்பு மையில் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி என் கடைக்கு வருகிறேன், எனக்கு நேரடியாகத் தெரிந்தது அதுதான்.

அப்பா காலத்தில் டிரெடில் மிஷின். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, புரூஃப் எடுத்து, திருத்தி, மறுபடி புரூஃப் எடுப்போம். அதற்கு அரை நாள் ஆகும். மேட்டர் கொடுத்தவர் அதுவரை காத்திருக்க வேண்டும். அதற்காகக் கடை வாசலில் ஒரு பெஞ்சு, இடித்த பழைய வீடொன்றிலிருந்து அப்பா வாங்கிப் போட்ட தேக்கு. அந்தப் பெஞ்சில் உட்காராத கட்சி கிடையாது. தேர்தல் நேரம் என்றால் ஒரு மூலையில் உதயசூரியன், நடுவில் கை, இன்னொரு மூலையில் இரட்டை இலை, இடம் இல்லாமல் நின்றுகொண்டு அரிவாள் சுத்தியல். எதிரி நோட்டீசில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் வெளியே போய்ச் சொல்ல மாட்டார்கள்.

ஒருநாள் ஒரு கட்சியின் துண்டறிக்கை புரூஃப் பெஞ்சில் கிடந்தது. ஊரணியைத் தூர்வாராத கவுன்சிலரைக் கண்டிக்கிற அறிக்கை. அந்தக் கவுன்சிலர் கட்சியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பழைய தமிழ் வாத்தியார். பொறுக்க முடியாமல் பேனாவை எடுத்தார். "'தீர்க்க தவறிய' இல்லப்பா, 'தீர்க்கத் தவறிய'. நடுவுல 'த்' போடு. எங்களைத் திட்டுறதுன்னாலும் தமிழ்ல பிழை இல்லாமத் திட்டு" என்று திருத்திக் கொடுத்தார். மேட்டர் கொடுத்த இளவட்டம் வெட்கப்பட்டுச் சிரித்தான். எதிர்க் கடையிலிருந்து இரண்டு டீ வந்தது, காசு யார் கொடுத்தார்கள் என்று நினைவில்லை. அந்த அறிக்கை ஒற்றுப்பிழை இல்லாமல் வெளியே போய், அவர் கட்சியைக் கிழி கிழி என்று கிழித்தது.

இப்போது யாரும் பெஞ்சில் உட்காருவதில்லை. மேட்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது, புரூஃபும் வாட்ஸ்அப்பில் போகிறது, காசு ஜிபேயில் விழுகிறது. வேலை சுளுவாகிவிட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே இடத்தில் அரை நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. ஒருத்தனுக்கொருத்தன் போனில் வரும் மீம்ஸில்தான் பார்த்துக்கொள்கிறான். பெஞ்சில் இப்போது பழைய பிளக்ஸ் சுருளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

போன வருஷம் ஊரில் ஒரு பெரியவர் தவறினார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அவர் கட்சியிலிருந்து மேட்டர் கொடுத்தார்கள். அவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த நண்பர், வேறு கட்சி. ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி, "என் பேரும் அதுல ஒரு ஓரத்துல வரணும்ப்பா, தனியா அடிச்சா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றார். சேர்த்தேன். காலையில் போன் வந்தது, அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி. எடுத்தேன். அந்த நண்பர் தன் பெயர் இல்லாத போஸ்டர் ஒட்டிய சுவரைத் தாண்டித்தான் இழவு வீட்டுக்குப் போனார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

என்னையும் இந்தக் கணக்கிலிருந்து விட்டுவிடவில்லை. ஒரு தேர்தலில் பெரிய கட்சி ஒன்று, முழு வேலையும் தருகிறோம், அந்தச் சின்னக் கட்சிக்கு மட்டும் அடிக்காதே என்றது. மகள் படிப்புக்குக் காசு வேண்டியிருந்தது. சின்னக் கட்சிக்காரரிடம் மிஷின் ரிப்பேர் என்றேன். மிஷின் ஓடுகிற சத்தம் வாசல் வரை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த வெட்கத்தில் ஒரு பங்கு இந்த மடலில் இருக்கிறது.

தேர்தல் துண்டறிக்கை எதுவானாலும் அச்சிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம், உங்களுக்கும் தெரியும். அதனால் நம் ஊரில் எல்லாக் கட்சி நோட்டீசிலும் அடியில் பொடி எழுத்தில் என் பெயர்தான் இருக்கிறது. இந்தத் தொகுதியும் அதே மாதிரிதான். காங்கிரசுக்குக் கொடுத்தது, சுதந்திராவுக்குக் கொடுத்தது, தி.மு.க.வுக்கும் அ.தி.மு.க.வுக்கும் கொடுத்தது, 1996ல் த.மா.கா.வுக்கும் 2001ல் பா.ஜ.க.வுக்கும் கொடுத்தது. இப்படி எல்லோருக்கும் ஓட்டுப் போட்டுப் பார்த்த ஊர்க்காரர்களிடம், இந்த மனிதர் இந்தக் கலருக்குச் சொந்தம் என்று பத்தடி பிளக்ஸில் சொன்னால் யார் நம்புவார்கள்?

தலைவர் ஒரு நியாயம் சொன்னார். நாற்காலி, மைக், சாப்பாடு எல்லாவற்றுக்கும் அந்தக் கட்சிப் பிரமுகர்தான் பணம் தருகிறார், தருகிறவர் சொல்வதைக் கேட்காமல் முடியுமா என்றார். முடியும். இந்தச் சீமைக்கு அதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நகரத்தார் கோயில்களில் புள்ளி வரி என்று ஒன்று இருக்கிறது. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. ஆயிரம் சன்னல் வீடாக இருந்தாலும் ஒரு புள்ளி, ஒற்றை அறையில் இருந்தாலும் ஒரு புள்ளி. கோயில் காரியம் அப்படித்தான் நடக்கிறது. நம் கூட்டத்துக்கு ஆகிற செலவு என்ன பெரிய செலவு? வீட்டுக்கு நூறு ரூபாய் வைத்தால் பால் பணியாரமே போடலாம். பணம் மொத்தமாக ஒரு கையிலிருந்து வந்தால், மேடையும் அந்தக் கைக்குத்தான் போகும்.

என் கோரிக்கைகள் இவை.

அடித்த நான்கு பெயரையும் திரும்பப் போடுங்கள். புதிதாகச் சேர்ந்த ஆறு பேரை எடுக்கச் சொல்லவில்லை, அவர்களும் இருக்கட்டும், ஆனால் அழைப்பிதழில் யாருக்கும் கட்சிப் பதவி வேண்டாம். பெயர், ஊர், அது போதும். எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில். யார் பெயர் முதலில் என்று எனக்கு ராத்திரி போன் வராமல் இருக்கவும் அதுதான் வழி.

நான்கு பேர் வீட்டுக்கும் குழுவிலிருந்து இரண்டு பேராவது நேரில் போய் அழைப்பிதழ் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆகாது. மளிகைக் கடை பாயிடம் யார் போகிறீர்களோ, அவர் ஒரு பாட்டாவது சொல்லாமல் விட மாட்டார், கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

பிளக்ஸ் வேண்டுமென்றால் சா.க. படம் மட்டும். துண்டு வெள்ளையாகவே இருக்க வேண்டும். வேறு யார் முகமும் அதில் வேண்டாம், மறைந்த தலைவர்கள் முகம்கூட வேண்டாம்.

ஒரு தலைப்பை எடுத்து, இரண்டு எதிரெதிர் கட்சிக்காரர்களைப் பேச விடுங்கள். அது நம் ஊர் விஷயமாக இருக்கட்டும், ஊரணி என்றே வைத்துக்கொள்ளலாம். ஒருவர் பேசி முடித்ததும் எழுந்து போகக் கூடாது, மற்றவர் பேசுவதையும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், ஆறு மணி என்று போட்டால் ஆறு மணிக்கே தொடங்குங்கள். சா.க. நடத்திய விழாக்கள் குறித்த நேரத்தில் தொடங்கியதற்குப் பேர் போனவை. போன வருஷம் நாம் ஏழே காலுக்குத் தொடங்கினோம், முக்கியப் பிரமுகரின் கார் வரவில்லை என்று.

இன்னொன்றுக்குக் கொஞ்சம் அலைச்சல் இருக்கிறது. பேரவையில் உறுப்பினர்கள் பேசுவது நடவடிக்கைக் குறிப்புகளாகத் தொகுதி தொகுதியாக அச்சில் இருக்கிறது. 1962லிருந்து 1967 வரை உள்ள தொகுதிகளில் சா.க. பேசியதைத் தேடி எடுத்து நகல் போட்டு, ஊர் நூலகத்தில் வைக்க வேண்டும். குழுவில் மூன்று பேருக்குச் சென்னையில் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒருவர் அங்கேயே அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிர்க்கட்சி வரிசையில் ஆறு பேரில் ஒருவராக உட்கார்ந்து அவர் ஆளுங்கட்சியிடம் என்ன கேட்டார், எந்தத் தொனியில் கேட்டார் என்று நம் பிள்ளைகள் படிக்கட்டும். நகலைக் கொண்டுவந்து கொடுங்கள், பைண்டிங் என் செலவு. காலிகோ அட்டை போட்டு, முதுகில் பொன் எழுத்து வைத்துத் தருகிறேன்.

ஜூலை 28க்கு இன்னும் நாள் இருக்கிறது. திருத்திய மேட்டர் புதன்கிழமைக்குள் வந்தால் வெள்ளிக்கிழமை காலை 500 அழைப்பிதழும் கையில் இருக்கும். அச்சுக் கூலி வேண்டாம், தாளுக்கு மட்டும் கொடுத்தால் போதும். மேட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். நீங்களும், அந்த நான்கு பேரில் யாராவது ஒருவரும் சேர்ந்து கடைக்கு வாருங்கள். பெஞ்சில் இருக்கிற பிளக்ஸ் சுருளை எடுத்துவிட்டுத் துடைத்து வைக்கிறேன். புரூஃப் வர அரை மணி நேரம் ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் அச்சகக்காரன்